கோடு கோடாக எழுந்த மலை: ஹுவாங் கோங்வாங்கைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

சீன நிலக்காட்சி ஓவியங்களை முதல்முறை பார்ப்பவர்களுக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரியும். ஒரு மலை, கொஞ்சம் மூடுபனி, ஓரத்தில் ஒரு படகு, எங்கும் சாம்பல் நிறம். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய மரபு அது. அதன் வரலாற்றை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தால் பெயர்களிலேயே மூழ்கிவிடுவோம். ஒரே ஓவியரை எடுத்துக்கொண்டு, அவருடைய ஒரே ஓவியத்தின் முன் நிறைய நேரம் செலவிடுவதுதான் நல்ல தொடக்கம். அப்படி ஒருவரை மட்டும் சொல்லச் சொன்னால் நான் ஹுவாங் கோங்வாங்கைச் சொல்வேன். 1269-இல் பிறந்து 1354-இல் மறைந்தவர். எண்பது வயதை ஒட்டி அவர் வரைந்த ‘ஃபுச்சுன் மலைகளில் வாழ்தல்’ என்ற சுருள் ஓவியம் சீனர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, படியெடுத்து, சண்டையிட்டு, கொளுத்தி, காப்பாற்றி வைத்திருக்கும் ஒன்று.

முதலில் அவருடைய வாழ்க்கை. இன்றைய ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் சாங்ஷு என்ற ஊரில் லூ என்ற குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே ஹுவாங் என்ற முதியவருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். பிள்ளைக்காக வெகுகாலம் ஏங்கியிருந்த அந்தப் பெரியவரின் மகிழ்ச்சியைச் சொல்லும் பெயர்தான் கோங்வாங். பையன் கெட்டிக்காரன். பழைய காலமாக இருந்தால் நன்றாகப் படித்து, அரசுத் தேர்வு எழுதி, அதிகாரியாகியிருப்பான்.

ஆனால் காலம் மாறிவிட்டது. அவருக்கு ஏழு வயதானபோது, 1276-இல், தெற்குச் சோங் அரசின் தலைநகரம் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அதுதான் இன்றைய ஹாங்சோவ். 1279-இல் சோங் அரசமரபே முடிந்தது. மங்கோலியர் நிறுவிய யுவான் ஆட்சியில் தென் சீனர்கள் கடைசிப் படியில் வைக்கப்பட்டார்கள். படித்தவர்களை மேலே கொண்டுபோன அரசுத் தேர்வும் பல பத்தாண்டுகள் நடக்கவில்லை. கல்வி இருக்கிறது, அதைக் கொண்டு போக இடமில்லை. பலரைப் போல ஹுவாங்கும் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அதுவும் நிலைக்கவில்லை. சாங் லூ என்ற உயர் அதிகாரியின் கீழ் அவர் வேலை பார்த்தார். தென்பகுதியில் நிலங்களைக் கணக்கெடுத்து வரி போட வந்த அந்த அதிகாரி மக்களைக் கசக்கிப் பிழிந்ததில் கலவரம் மூண்டது. 1315-இல் அவர் கைதானபோது கீழே இருந்த ஹுவாங்கும் சிறைக்குப் போனார். அரசுத் தேர்வு மீண்டும் நடந்ததும் அதே 1315-இல்தான். அவருடைய நண்பரும் கவிஞருமான யாங் சை அந்தத் தேர்வில் வெற்றி பெற்றார். சிறையிலிருந்து ஹுவாங் அவருக்கு ஒரு கவிதை எழுதி அனுப்பினார். யாங் சை அதே எதுகையில் பதில் கவிதை எழுதினார். அப்போது ஹுவாங்குக்கு வயது நாற்பத்தாறு.

வெளியே வந்த பிறகு அரசு வேலை என்ற பேச்சே இல்லை. சுவான்சென் என்ற தாவோயிசச் சமயப் பிரிவில் சேர்ந்தார். ஹாங்சோவ், சுசோவ், சோங்ஜியாங் என்று சுற்றித் திரிந்தார். குறி சொல்லிச் சம்பாதித்தார். தனக்கு ‘பெரும் பேதை’ என்று பொருள்படும் பட்டப்பெயரையும் வைத்துக்கொண்டார். ஓவியத்தில் அவர் முழுமையாக இறங்கியது ஐம்பது வயதை ஒட்டித்தான் என்று மரபு சொல்கிறது. ஆண்டு குறிக்கப்பட்டு இன்று நம்மிடம் இருக்கும் அவருடைய முக்கியமான படைப்புகள் எல்லாம் எழுபதைத் தாண்டிய பிறகு வந்தவை. ‘வானக் குளத்துப் பாறை’ 1341, ‘பனிக்குப் பின் ஒன்பது சிகரங்கள்’ 1349. ஃபுச்சுன் சுருளில் அவர் கையெழுத்திட்டது 1350.

இங்கே ஒரு கேள்வி வரும். எழுத்தராகவும் குறி சொல்பவராகவும் இருந்த மனிதர் எப்படி ஓவியர் ஆனார்? யாரிடம் தொழில் கற்றார்?

அதற்கு அந்தக் காலத்து ஓவியம் இரண்டு வழிகளில் போய்க்கொண்டிருந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அரண்மனைக்காக வேலை செய்த தொழில்முறை ஓவியர்களின் வழி. சோங் காலத்தில் அது உச்சத்தில் இருந்தது. இன்னொன்று, படித்தவர்கள் தங்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் வரைந்துகொண்ட வழி. சீனத்தில் படித்த எவரும் சிறுவயதிலிருந்தே தூரிகையால்தான் எழுதுவார்கள். எழுதும் அதே தூரிகை, அதே மை, அதே காகிதம்தான் ஓவியத்துக்கும். கையெழுத்தில் கைதேர்ந்தவருக்கு ஒரு கோட்டின் அழுத்தமும் வேகமும் ஏற்கெனவே விரலில் இருக்கும். மங்கோலியர் ஆட்சியில் பதவி கிடைக்காமல் ஒதுங்கியிருந்த படித்தவர்கள் இந்த இரண்டாவது வழியைப் பெரிதாக வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் முதன்மையானவர் சாவ் மெங்ஃபூ (1254–1322). பெரும் எழுத்தணிக் கலைஞர், ஓவியர். ஹுவாங் தன் முதுமையிலும் தன்னை அவருடைய கூடத்தில் படித்த ஒரு சின்ன மாணவன் என்று எழுதியிருக்கிறார்.

ஆக, ஹுவாங்கின் மலையைப் பார்க்கும்போது அது எந்த மலை, நிஜத்தில் அப்படித்தான் இருக்குமா என்று தேடுவதோடு, கோடு எப்படி ஓடியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே போதும், ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்ற எண்ணம் காணாமல் போய்விடும்.

சரி, இப்போது ஓவியத்துக்கு வருவோம். ஃபுச்சுன் என்பது ஒரு ஆறு. செஜியாங் மாகாணத்தில் ஹாங்சோவுக்குத் தென்மேற்கே, குன்றுகளுக்கு நடுவே ஓடுகிறது. பழைய காலத்திலிருந்தே துறவுக்குப் பெயர்போன இடம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஹான் பேரரசர் குவாங்வூவின் இளமைக்கால நண்பர் ஒருவர், யான் குவாங் என்று பெயர், பேரரசர் கொடுத்த பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு வாழ்ந்தார். பதவியே கிடைக்காத ஒரு தலைமுறையின் ஓவியர், பதவியை உதறியவர் வாழ்ந்த ஆற்றை வரைந்தார். அன்றைய வாசகர்களுக்கு அதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இதைச் சுவரில் மாட்டும் படமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இது கையில் பிடித்துப் பார்க்கும் சுருள். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு, சுமார் 33 சென்டிமீட்டர். நீளமோ ஏறக்குறைய ஏழு மீட்டர். மேசையில் வைத்து, இடது கையால் விரித்துக்கொண்டே வலது கையால் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் இரு கைகளுக்கு இடையில் விரிவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வலமிருந்து இடமாக, ரயில் ஜன்னலில் ஊர்கள் நகர்வதைப் போல, காட்சி மாறிக்கொண்டே வரும். ஒரே வித்தியாசம், வேகம் நம் கையில் இருக்கிறது. வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளலாம், திரும்பியும் போகலாம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முழுவதும் விரித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதும், கணினித் திரையில் மொத்தமாகப் பார்க்கும்போதும் இந்த அனுபவம் கொஞ்சம் போய்விடுகிறது. திரையில் பார்ப்பவர்கள் நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வலது ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்திப் பார்ப்பதே சரி.

தொடக்கத்தில் உருண்டு திரண்ட ஒரு குன்று. அப்புறம் குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுகின்றன. அவற்றின் மடிப்புகளில் மரக்கூட்டம், கூரை வீடுகள். பிறகு மலை கீழே இறங்கி வழிவிட, ஆறு அகன்று தெரிகிறது. மீன்பிடி படகுகள் கண்ணில் படும், தேடினால்தான் கிடைக்கும் அளவுக்குச் சிறியவை. கரையோரம் ஊசியிலை மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. தண்ணீரை நோக்கிய மண்டபத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் மலை, மறுபடியும் தண்ணீர். போகப்போக நிலம் மெலிகிறது, மணல்திட்டுகள் சில கோடுகளாகச் சுருங்குகின்றன, வெறும் காகிதமே ஆறாகிவிடுகிறது. கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் திடீரென்று செங்குத்தாக ஒரு கூர்மலை எழுந்து நிற்கிறது. முழுச் சுருளிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அதுவரை வந்த மலைகளெல்லாம் அகலமாகப் படுத்திருந்தவை. இது மட்டும் தனியாக நிமிர்கிறது. அதன் பிறகு மங்கலான தாழ்ந்த குன்றுகளோடு சுருள் முடிந்துபோகிறது.

இந்த மலைகளை எப்படி வரைந்தார்? பொருள்கள் மிக எளியவை. கரியும் பசையும் சேர்த்துச் செய்த மைக்கட்டி, அதைத் தண்ணீர் விட்டு உரைக்க ஒரு கல், தூரிகை, காகிதம். சோங் காலத்துப் பெரிய மலை ஓவியங்கள் பெரும்பாலும் பட்டில் வரையப்பட்டவை. குவோ ஷி 1072-இல் வரைந்த ‘இளவேனில்’ பட்டில்தான் இருக்கிறது. பட்டில் மை பரவி, மங்கி, ஈரமான மூடுபனியாக உருக்கொள்ளும். காகிதம் வேறு மாதிரி. தூரிகையில் தண்ணீர் குறைந்தால் காகிதத்தின் சொரசொரப்பு மையை இடையிடையே விட்டுவிட்டுப் பிடிக்கும். கோட்டுக்குள்ளேயே வெள்ளை தெரியும். ஹுவாங் இந்த உலர்ந்த கோட்டைத் தன் மொழியாக ஆக்கிக்கொண்டார்.

மலையின் உடம்பைக் காட்டச் சீன ஓவியர்கள் பயன்படுத்தும் தீற்றல்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கோடரியால் வெட்டியது போன்ற தீற்றல் கடினமான பாறைக்கு. ஹுவாங் எடுத்துக்கொண்டது சணல் நார்த் தீற்றல்: நீளமாக, தளர்வாக, ஒன்றோடொன்று உரசியும் பிரிந்தும் சரிவில் இறங்கும் கோடுகள். பத்தாம் நூற்றாண்டில் தென்பகுதியின் மென்மையான மண்குன்றுகளை வரைந்த தொங் யுவானிடமிருந்தும், அவரைப் பின்பற்றிய சூரான் என்ற துறவியிடமிருந்தும் வந்தது. கூர்ந்து பார்த்தால் ஹுவாங்கின் ஒரு குன்று முழுக்க இப்படிப்பட்ட கோடுகள்தான். வெளிச்சம், நிழல் என்று தனியாக எதுவும் இல்லை. கோடுகள் நெருங்கும் இடம் பள்ளம், விலகும் இடம் மேடு. உச்சியில் சின்னச் சின்ன உருண்டைக் கற்கள். அப்புறம் மேலே கருமையான புள்ளிகள். அவை தூரத்து மரங்களாகவும் இருக்கலாம், புதராகவும் இருக்கலாம். ஓவியம் முழுவதற்கும் தாளம் கொடுப்பவை அவைதான்.

செய்த வரிசையையும் ஓரளவு கண்ணால் பின்தொடர முடியும். முதலில் வெளிறிய மையில் மொத்த அமைப்பு. அதன்மேல் இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம் அடர்த்தி. கடைசியில் கரிய, உலர்ந்த மை. சில இடங்களில் முதல் கோட்டை விட்டு இரண்டாவது கோடு விலகியே போயிருக்கிறது, அவர் திருத்தவில்லை. காகிதத்தில் விழுந்த மையை அழிக்க முடியாது. முதலில் நினைத்ததும் பிறகு நினைத்ததும் பக்கத்துப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. இந்த ஓவியத்துக்கு உயிர் தருவது இந்த இடங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பளபளவென்று முடித்து வைக்கப்பட்ட மலை இப்படி மூச்சு விடாது.

அவர் என்ன நினைத்து வேலை செய்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நிலக்காட்சி வரைவதைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1366-ஐ ஒட்டி வெளியான ஒரு தொகுப்பில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. தத்துவ முழக்கம் எதுவும் அதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் மாணவனுக்குச் சொல்வது போல இருக்கிறது. தோல் பையில் எப்போதும் தூரிகை வைத்துக்கொள், நல்ல இடத்தில் விசித்திரமான மரம் ஒன்றைக் கண்டால் உடனே வரைந்துகொள் என்கிறார். மாடியேறி வானத்து மேகங்களைப் பார், மலையுச்சிகள் அதில் இருக்கின்றன என்கிறார். மையைக் கையாள்வதுதான் மிகக் கடினம், முதலில் வெளிறிய மை, பார்க்கத் தகுந்த அளவுக்கு அது சேர்ந்த பிறகுதான் கரிய மை. தண்ணீர் மேலிருந்து வர வேண்டும், அதன் தடம் எங்கும் அறுந்துவிடக் கூடாது. குளிர்காலக் காட்சியா, வெறும் தரையையே பனியாக விட்டுவிடு. ‘ஒன்பது சிகரங்கள்’ ஓவியத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்: சிகரங்களைச் சுற்றியுள்ள வானமும் நீரும் இருண்டிருக்கின்றன, சிகரங்கள் மட்டும் வெள்ளையாக விடப்பட்டு நிற்கின்றன.

தூரத்தைக் காட்டும் முறையையும் அதில் பேசுகிறார். ஒரே இடத்தில் நின்று, ஒரே கண்ணால் பார்ப்பது போல எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியில் கூடும் வழக்கம் இந்த மரபில் இல்லை. குவோ ஷி ஏற்கெனவே மூன்று வகைத் தூரங்களைச் சொல்லியிருந்தார்: கீழிருந்து உச்சியைப் பார்ப்பது, முன்மலையைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்ப்பது, கிட்டத்திலிருந்து தொலைவுக்குச் சமமாகப் பார்ப்பது. ஹுவாங் இந்தப் பட்டியலைத் திருத்தி, இடையில் நீர்வெளி வந்து இரு கரைகளும் எதிரெதிரே நிற்கும் அகன்ற தூரத்தைச் சேர்த்தார். ஃபுச்சுன் சுருளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று உடனே புரியும். சுருளில் பார்வையாளர் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஒரு குன்றைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், அடுத்த ஆற்றை மேலிருந்து பார்க்கிறோம், எந்த இடத்திலும் தடுக்கி விழுவதில்லை.

அந்தக் குறிப்புகளிலேயே ஓவியத்திலிருந்து விலக்க வேண்டிய நான்கு குற்றங்களையும் சொல்கிறார்: கோணல், தித்திப்பு, மலிவு, பிறரைச் சார்ந்து நிற்பது. இரண்டாவதைக் கவனியுங்கள். தித்திப்பை ஒரு குற்றமாகச் சொல்கிறார். பார்த்தவுடன் கண்ணுக்கு இனிக்கும் ஓவியத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய சாம்பல் நிற மலைகள் முதல் பார்வையில் நம்மை இழுக்காமல் போவதற்கும் அதுவே காரணம்.

சுருளின் முடிவில் அவர் எழுதிய வரிகள் இந்த ஓவியத்தைப் புரிந்துகொள்ள மிக முக்கியம். 1347-இல் ஃபுச்சுன் மலைக்குத் திரும்பியபோது வூயோங் என்ற தாவோயிசத் துறவி நண்பர் உடன் வந்தார். ஓய்வு நாட்களில் தெற்கு மாடியில் உட்கார்ந்து இதைத் தொடங்கினார். மனம் போன போக்கில் அமைப்பு நீண்டுகொண்டே போனது. சுருளை மலையிலேயே விட்டுவிட்டு அவர் ஊர் சுற்றப் போனதால் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியும் முடியவில்லை. இப்போது அதை எடுத்துப் பயண மூட்டையில் வைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது வரைவேன் என்கிறார். இதை யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பறித்துக்கொள்வார்கள் என்று வூயோங் கவலைப்பட்டு, முன்கூட்டியே இறுதியில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதினார். ஆக, 1350-இல் கையெழுத்து விழுந்தபோது ஓவியம் அவர் கணக்கில் இன்னும் முடியவில்லை.

வூயோங் பயந்தது வீண் போகவில்லை, நடந்தது மட்டும் அவர் நினைத்ததைவிடப் பெரியது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஓவியர் ஷென் சோவ் கையில் இது இருந்தது. குறிப்பு எழுதி வாங்குவதற்காக ஒருவரிடம் கொடுத்தார், அது திரும்பி வரவில்லை. விற்பனைக்கு வந்தபோது திருப்பி வாங்க அவரிடம் பணம் இல்லை. 1487-இல் முழுச் சுருளையும் நினைவிலிருந்தே வரைந்தார். அந்தப் படி இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூல ஓவியம் 1596-இல் தொங் சிசாங் என்ற செல்வாக்குமிக்க ஓவியர், விமர்சகர் கைக்கு வந்தது; பிறகு வூ குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பத்து வூ ஹோங்யூ இதை உயிராக நேசித்தார். 1650-இல் மரணப்படுக்கையில், தன்னோடு இதுவும் வர வேண்டும் என்று நெருப்பில் போடச் சொன்னார். எரியத் தொடங்கிய சுருளை அவருடைய சகோதரர் மகன் வேறொரு சுருளை உள்ளே போட்டுவிட்டு வெளியே இழுத்தார். ஓவியம் இரண்டாகிவிட்டது.

சிறிய பகுதி சுமார் 51 சென்டிமீட்டர். இன்று ஹாங்சோவில் செஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய பகுதி சுமார் 637 சென்டிமீட்டர். அது சிங் பேரரசர் சியான்லோங்கின் சேகரிப்புக்குள் போனது. அவர் 1745-இல் ஏற்கெனவே ஒரு படியை மூலம் என்று நம்பி வாங்கி, அதன் வெற்றிடமெல்லாம் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதி நிரப்பி வைத்திருந்தார். அடுத்த ஆண்டே உண்மையான சுருள் வந்து சேர்ந்தபோது அதை நகல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தவறான தீர்ப்பால்தான் ஹுவாங்கின் ஆறு இன்று பெரும்பாலும் வெறும் காகிதமாகவே, அவ்வளவு எழுத்து ஏறாமல், நமக்குக் கிடைத்திருக்கிறது. அரண்மனைச் செல்வங்களோடு பெரிய பகுதி தைவானுக்குப் போய், தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2011-இல் அங்கே நடந்த கண்காட்சியில் இரு பகுதிகளும் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அருகருகே வைக்கப்பட்டன.

இதை ஒருமுறை நிதானமாகப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து நி சான் பக்கம் போகலாம். ஹுவாங், நி சான், வூ சென், வாங் மெங் ஆகிய நால்வரையும் யுவான் காலத்தின் நான்கு பேராசான்கள் என்பார்கள். நி சான் ஹுவாங்கைவிட ஏறத்தாழ ஒரு தலைமுறை இளையவர், நண்பர். அவர் 1345-இல் வரைந்த ஒரு தொங்கோவியம் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் ஆறு மரங்கள், நடுவில் வெறும் நீர், அக்கரையில் மங்கிய குன்று, அவ்வளவுதான். அதன்மேல் ஹுவாங் தன் கையால் எழுதிய ஒரு சிறு கவிதை இருக்கிறது. அந்த ஆறு மரங்களையும் எந்தப் பக்கமும் சாயாத, நேர்மையான ஆறு சான்றோர்கள் என்று அதில் சொல்கிறார். ஓவியத்துக்கு இன்று வழங்கும் ‘ஆறு சான்றோர்’ என்ற பெயர் அந்தக் கவிதையிலிருந்து வந்தது.